சின்ன ஹேட்ச்பேக்கில் டிராக் (drag) கார்: எந்த பாடியை எடுப்பது?

பிப்ரவரி 9

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே: "கால் மைல் ஓட்டத்துக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக் கட்டப்போகிறேன் அண்ணா. முன்சக்கரம் இழுக்கிற வண்டி. எடை குறைவு, உருவம் குட்டை, இரண்டும் இருந்தால் அதுதான் வேகம் என்பது என் கணக்கு. அப்படிப் பார்த்தால் இரண்டாம் தலைமுறை ஹோண்டா சிஆர்எக்ஸ்தான் முதலில் வருகிறது. வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம்) 2,300 மி.மீ.தான். சரிதானே?"

பாதி சரி. எடை குறைவு என்றது சரி. குட்டை என்றது தப்பு. வண்டி பாயும்போது பாரம் பின்னால் சாய்கிறது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி அதை வாங்கிப் பிடிமானமாக்கிக்கொள்ளும். உன் வண்டியில் இழுக்கிற சக்கரம் முன்னால் இருக்கிறது. வீல்பேஸ் குறையக் குறைய முன்னாலிருந்து பின்னால் போகிற பாரம் கூடும். நாளைக்குக் கணக்கோடு எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

கணக்கு. ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ வண்டி. நிற்கும்போது முன்சக்கரங்கள் மேல் 62 சதவீதம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர். வீல்பேஸ் 2.5 மீட்டர். டயரின் பிடிமானக் குணகம் 1.5 என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்), பசை போட்டுத் தயார் செய்த தடம் என்றால் இதைவிட அதிகம் கிடைக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒரு எண் வேண்டும்.

முன்சக்கர வண்டிக்குக் கிடைக்கும் அதிகபட்ச முடுக்கம் இப்படி வரும்: குணகத்தை முன்பாரப் பங்கால் பெருக்கு. அதை, ஒன்றோடு (குணகம் × உயரம் ÷ வீல்பேஸ்) கூட்டி வருவதால் வகு. 0.93 ÷ 1.3. விடை 0.715 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்தான் 1 ஜி).

இதே டயரைப் பின்சக்கர வண்டியில் போடு. பின்னால் 45 சதவீத எடை என்றால் கீழே கூட்டலுக்குப் பதில் கழித்தல் வரும். 0.675 ÷ 0.7, அதாவது 0.96 ஜி. ஒரே ஒரு குறி மாறியதில் இவ்வளவு வித்தியாசம்.

இந்த 0.715-ஐ ஒருமுறை உற்றுப் பார். எஞ்சின் எவ்வளவு பெரியது என்ற கேள்வியே இதில் எங்கும் வரவில்லை. சக்கரத்தில் 200 குதிரைசக்தி வருகிறது என்றால், மணிக்கு சுமார் 76 கி.மீ. வேகம் வரைக்கும் உன்னைத் தடுத்து நிறுத்துவது டயர்தான், எஞ்சின் அல்ல. அதற்குள் வண்டி முப்பது மீட்டர் தாண்டியிருக்கும். முதல் அறுபது அடி, அதாவது 18.3 மீட்டர், முழுக்க முழுக்கப் பிடிமானத்தின் கதை. 400 குதிரைசக்தி போட்டாலும் அந்த அறுபது அடியில் ஒரு மாற்றமும் இல்லை, புகைதான் அதிகம் வரும்.

பிப்ரவரி 10, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். வீல்பேஸைப் பற்றி நேற்று கொஞ்சம் அதிகமாகவே மிரட்டிவிட்டேன். 2,300-க்கும் 1992-95 சிவிக் ஹேட்ச்சின் (ஈஜி) 2,570-க்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் 0.701, 0.720. மூன்று சதவீதம்கூட இல்லை. சிஆர்எக்ஸ் எடை குறைவு என்பதால் மேல்பாதித் தடத்தில் அதை ஈடுகட்டிவிடும்.

ஈர்ப்பு மையத்தை 5 செ.மீ. இறக்கினால் 0.732 வருகிறது. வீல்பேஸை 28 செ.மீ. நீட்டினால் என்ன கிடைக்குமோ, அது. (பாடியை 5 செ.மீ. இறக்கினால் மையம் முழு 5 செ.மீ. இறங்காது. சக்கரமும் ஹப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும்.) ஆக, குட்டையா நீளமா என்பதைவிட, எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

ஆனாலும் சிஆர்எக்ஸை நான் தள்ளி வைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. தட முடிவில் மணிக்கு 180-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் குட்டை வண்டியின் பின்பக்கம் லேசாக அலையும். ஒருமுறை அனுபவித்தேன். வண்டி நேராகத்தான் போனது. நான்தான் நேராக இல்லை.

பிப்ரவரி 13

பேட்டரிக் கதையைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும்.

என் முதல் வண்டியில் பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைத்தேன். ஏன்? டிராக் கார் படங்களில் எல்லாம் அது அங்கேதான் இருக்கிறது. தடித்த கேபிள் இழுத்து, பெட்டி செய்து, வெளியே கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, ஒரு முழு வாரம் போனது. அறுபது அடி நேரம் கூடிவிட்டது. கிளட்ச்சைக் குறை சொன்னேன், தடத்தைக் குறை சொன்னேன், ஈரக்காற்றைக்கூட விடவில்லை.

அந்தப் படங்களில் இருந்ததெல்லாம் பின்சக்கர வண்டிகள். பேட்டரியைப் பின்னால் வைத்து அவர்கள் இழுக்கிற சக்கரத்தின் மேல் பாரம் ஏற்றுகிறார்கள். நானோ என் இழுக்கிற சக்கரத்திலிருந்து 18 கிலோவைப் பிடுங்கிப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். 62 சதவீதம் 60 ஆனது, 0.715 ஜி 0.695 ஆனது.

பேட்டரி இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. டிக்கியில் அந்தப் பெட்டி மட்டும் காலியாகக் கிடக்கிறது, கழற்ற மனம் வரவில்லை.

பிப்ரவரி 16

"45 கிலோ குறைத்தால் 0.1 வினாடி குறையும் என்கிறார்களே, அதை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

அந்த வாய்ப்பாடு கனமான வண்டிகளிலிருந்து வந்தது. கால் மைல் நேரம் தோராயமாக எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தோடு ஏறி இறங்கும். 1,600 கிலோ வண்டி 12 வினாடியில் ஓடுகிறது என்றால் 45 கிலோ என்பது 2.8 சதவீதம். நேரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு வரும், 0.11 வினாடி. உன்னுடையது 950 கிலோ, 13 வினாடி. அதே 45 கிலோவுக்கு 0.2 வினாடி கிடைக்கும். சின்ன வண்டியில் ஒவ்வொரு கிலோவுக்கும் இரட்டைச் சம்பளம்.

ஆனால் எங்கிருந்து எடுக்கிறாய் என்று பார். பின்சீட்டு, ஸ்டெப்னி, கார்ப்பெட், பின்கதவு அலங்காரம் என்று 60 கிலோவைப் பின்னாலிருந்தே எடுத்தால் முன்பங்கு 62-லிருந்து 66 ஆகும். எடையும் குறைந்தது, பிடிமானமும் கூடியது. முன்னாலிருந்து எடுக்கும் எடைக்கு அந்த இரண்டாவது லாபம் கிடையாது. இருந்தாலும் முன்பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை நான் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை.

பிப்ரவரி 21

இனி வண்டிகள். எனக்குக் கைபழகியவை மட்டும்.

1988-91 சிவிக் ஹேட்ச் (ஈஎஃப்). வீல்பேஸ் 2,500. முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். இந்த சிவிக்குகளில் எடை குறைந்தது. ஹோண்டாவின் பி வரிசை எஞ்சின் ஏற்ற மவுண்ட் மாற்ற வேண்டும். கிளட்ச் கேபிளில் இயங்குவது என்பதால், கேபிள் வகை கியர்பாக்ஸ் தேட வேண்டும் அல்லது ஹைட்ராலிக்காக மாற்ற வேண்டும். இந்த மாற்று வேலை கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். பெடலுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்து வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

1992-95 ஈஜி. பி வரிசை கிட்டத்தட்ட பிறந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்து உட்காரும், கிளட்ச் முதலிலேயே ஹைட்ராலிக். முன்சக்கர டிராக்கில் 24.5 அங்குல உயரம், 8 அங்குல அகலம், 13 அங்குல ரிம் என்ற ஸ்லிக் அளவு பிரபலம். அதை இதில் மாட்ட மட்கார்டின் உள்விளிம்பைக் கொஞ்சம் மடக்கி வெட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

1996-2000 ஈகே. வீல்பேஸ் 2,620. ஈஜியின் அண்ணன், கொஞ்சம் கனம். நல்ல பாடி கிடைத்தால் எடு, இதற்காகத் தேடி அலையாதே.

அதற்கப்புறம் வந்த சிவிக்கில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்டிரட் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. டிராக்குக்கு அது ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் எடை ஏறியிருக்கும்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் முதல் தலைமுறை 2,400, இரண்டாவது 2,475. பின்னால் ஒரே உத்திரம், கெடுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் அமுங்காமல் விறைப்பாக நிற்கவைப்பதும் சுலபம். முதல் தலைமுறையின் எடை இன்றைக்கு நம்புவதற்கே கஷ்டம், 800 கிலோவும் சொச்சமும்தான். சிக்கல் கியர்பாக்ஸ். பழைய 020 பெட்டி இழுவையைத் தாங்காது. டர்போ போட்டால் 02ஏ பெட்டிக்குத் தாவுவார்கள். அப்போது மவுண்ட், ஷிஃப்டர், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கூடவே மாறும். பாடி சும்மா வந்தாலும் அந்தப் பட்டியல் சும்மா வராது.

என் பழக்கம் இது: முதலில், என் சக்தியைத் தாங்குகிற, மாற்றுப் பல்சக்கரங்களும் எல்எஸ்டியும் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) எளிதாகக் கிடைக்கிற ஒரு கியர்பாக்ஸ் எது என்று பார்ப்பேன். அது நேராகப் போய் உட்காருகிற பாடி எது என்று பார்ப்பேன். எஞ்சின் கடைசியில் வரும். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் இரண்டு வண்டியில் நானும் அப்படித்தான் செய்தேன்.

பிப்ரவரி 22

ஈஜியில் பி வரிசையைப் பற்றி மட்டும் எழுதி ஹோண்டாவின் கே வரிசை எஞ்சினை விட்டுவிட்டேன். திட்டு வந்தது, சரிதான்.

கே வரிசை இந்தப் பழைய பாடிகள் எதற்கும் பிறந்தது அல்ல. மவுண்ட், வயரிங், டிரைவ் ஷாஃப்ட், சில சமயம் சப்ஃபிரேம் (அடியில் இருக்கும் துணைச் சட்டம்) என்று எல்லாம் மாறும். பியில் எக்ஸாஸ்ட் முன்னால், ரேடியேட்டர் பக்கம். கேயில் அது பின்னால், ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) பக்கம். டர்போவை எங்கே வைப்பது என்ற முழுத் திட்டமும் இதனால் மாறும். கியர்பாக்ஸும் எதிர்ப்பக்கம் போய்விடும். டர்போ இல்லாமல் ஓட்டுவதாக இருந்தால் நான் கே போடுவேன். முதல் வண்டி என்றால் பியோடு நிறுத்திக்கொள்வேன்.

மார்ச் 2

இப்போது ஒரு குழப்பம் செய்யப்போகிறேன். பிப்ரவரி 10-ல் போட்ட பின்சக்கரக் கணக்கை மறக்க முடியவில்லை.

பின்சக்கரம் தள்ளுகிற சின்ன ஹேட்ச்பேக் இல்லாமல் இல்லை. டொயோட்டா ஸ்டார்லெட் கேபி61, 1978 முதல் 1984 வரை வந்தது. வீல்பேஸ் 2,300. முன்னால் நீளவாக்கில் எஞ்சின், பின்னால் முழு ஆக்ஸில், அதை நான்கு லிங்க் பிடித்திருக்கும். அதற்கடுத்த ஸ்டார்லெட் முன்சக்கரத்துக்கு மாறிவிட்டது. கேபி61-ல் பின்னால் 40 சதவீத எடைதான் இருக்கிறது என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் கணக்கில் 0.857 ஜி வருகிறது. முன்சக்கர வண்டியில் எவ்வளவு தவம் செய்தாலும் அதே டயரில் அங்கே போக முடியாது. முதல் நாள் சாபம்போல் பேசினோமே குட்டை வீல்பேஸ், இங்கே அது உதவிக்கு வருகிறது. 2.5-க்குப் பதில் 2.3 போட்டால் 0.89.

அப்புறம் ஏன் எல்லாரும் இதை எடுப்பதில்லை? பெரிய எஞ்சின் வைத்தால் கியர்பாக்ஸுக்காக வண்டித் தரையின் நடுவில் ஓடும் சுரங்கத்தை வெட்ட வேண்டும். ஆக்ஸிலை மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அறுந்தால் தடத்தில் குத்தி வண்டியைத் தூக்காதபடி வளையம் போட வேண்டும். அதோடு, மிச்சமிருக்கும் பாடிகளுக்கு வயது நாற்பதுக்கு மேல். துருவுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் கார் இருக்கும்.

வெல்டிங் உனக்குக் கைவந்த கலை என்றால் இதை எடு. இல்லையென்றால் வேண்டாம். எனக்கு வரும், இருந்தும் எடுக்கவில்லை. வருத்தம்தான்.

மார்ச் 3

நான்கு சக்கர இழுவை பற்றி ஒரே பத்தி. நிசான் பல்சர் ஜிடிஐ-ஆர் (1990-94) மாதிரி பிறவியிலேயே டர்போவும் நான்கு சக்கர இழுவையும் உள்ள ஹேட்ச்பேக் புறப்பாட்டில் எல்லாரையும் சிரித்துக்கொண்டே தாண்டும். எடை 1,200 கிலோவைத் தாண்டும். டயர் வழுக்கி வீணாகும் அதிர்ச்சி அத்தனையும் இப்போது கியர்பாக்ஸ் வாங்கிக்கொள்ளும். முன்சக்கர வண்டியில் டயர்தான் ஃபியூஸ், இதில் ஃபியூஸே கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

மார்ச் 11

நேற்று ஒரு ஈஜி பாடியின் படங்கள் அனுப்பியிருந்தாய். பெயின்ட் பளபளக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே மாதிரி ஒன்றை நான் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வலது பக்கம் இழுத்தது. எல்எஸ்டியைச் சந்தேகப்பட்டேன். கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. டயரை இடம் வலம் மாற்றினேன். புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். எஞ்சின் மவுண்ட் இறுக்கினேன். ஒரு சீசனே போயிற்று. கடைசியில் நண்பர் ஒருவர், கட்டட வேலை செய்பவர், காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், "முதலில் மூலைமட்டம் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

தூக்குக்குண்டு கொண்டுவந்தார். வண்டியைச் சமதரையில் நான்கு ஸ்டாண்டில் நிறுத்தினோம். அடியில் இடமும் வலமும் சமமாக இருக்கும் துளைகளிலிருந்து நூலை விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். வண்டியைத் தள்ளிவிட்டு டேப்பால் மூலைக்கு மூலை அளந்தோம். ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட 11 மி.மீ. அதிகம். இடது முன்சட்டம் எப்போதோ மோதி, இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து மூடப்பட்டிருந்தது. பின்சக்கர வளைவில் காந்தம் ஒட்டவே இல்லை, விரல் தடிமனுக்குப் பட்டி. எனக்குத் தெரியாத சங்கதி அத்தனையும் பத்து நிமிடத்தில் ஒரு நூல் சொல்லிவிட்டது.

அதனால் உனக்கு: காந்தம் ஒன்று, தூக்குக்குண்டு ஒன்று, டேப் ஒன்று. பின்சக்கர வளைவு, ஸ்டெப்னி குழி, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலை, ஷாக் அப்சார்பரின் மேல் இருப்பிடம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் போகும் பெட்டித் தகடு. கடைசியாகச் சொன்ன அந்தத் தகடு போயிருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. பெயின்ட் போன பாடி நல்லது, எதையும் மறைக்காது.

மார்ச் 12

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். "இடது வீல்பேஸும் வலது வீல்பேஸும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று உனக்குத் தனியாக எழுதினேன். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. பழைய ரெனோ 4, ரெனோ 5 இரண்டிலும் பின்னால் குறுக்கே போகும் டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள்) ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், பிறவியிலேயே ஒரு பக்கம் நீளம். அதைப் பார்த்து யாரும் சட்டத்தை நிமிர்த்தப் போய்விடாதீர்கள். சிவிக்குக்கு நான் சொன்னது சரி.

சன்ரூஃப் இருக்கிறதா அந்தப் படத்து வண்டியில்? கூரையில் நிழலாக ஏதோ தெரிகிறது. சன்ரூஃப் உள்ள பாடி வேண்டாம். உச்சியில் எடை, கேஜுக்கும் (வண்டி உருண்டால் காக்கும் குழாய்க்கூண்டு) தலைக்கும் நடுவில் இடமும் போகும்.

மார்ச் 19

கேஜ் பற்றி. அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதி வேறு பல இடங்களிலும் முன்மாதிரியாக இருப்பதால் அதையே சொல்கிறேன். உன் வயது வண்டிக்கு, கால் மைலை 11.49 வினாடிக்குள் ஓடினால் ரோல் பார் (ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளைவு) கட்டாயம். 9.99-க்குள் போனாலோ, மணிக்கு 135 மைலை (217 கி.மீ.) எட்டினாலோ முழு கேஜும் சேஸி சான்றிதழும் வேண்டும். ரோல் பாருக்குச் சாதா இரும்புக் குழாய் என்றால் 44.5 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன். குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) என்றால் தடிமன் 2.1 போதும்.

தனிச் சட்டம் இல்லாத நம் ஹேட்ச்பேக்கில் இந்தக் குழாய் வந்து நிற்பது தரைத் தகட்டின் மேல். 15 செ.மீ. சதுரத் தட்டுகள் வைத்துத்தான் பாரத்தைப் பரப்புகிறோம். அந்தத் தட்டுக்கு அடியில் பிஸ்கட் மாதிரி துரு இருந்தால் கேஜ் என்ன தாங்கும்? மார்ச் 11-ல் காந்தத்தைக் கையில் கொடுத்தது சும்மா இல்லை.

மூன்று கதவு பாடியாகவே பார். ஐந்து கதவில் நடுத்தூண் முன்னால் வந்துவிடும், பின்கதவின் கீலும் கண்ணாடி ஏற்றியும் வீண் எடை.

ஏப்ரல் 6

வாங்கிவிட்டானாம். ஈஜி, மூன்று கதவு. வேறு ஒன்று, அந்தப் பளபளப்பு இல்லை. மூலைவிட்ட வித்தியாசம் 2 மி.மீ. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டுகிறது. ஒன்றையும் கழற்றுவதற்கு முன்பே எடை போட்டிருக்கிறான் (நல்ல பையன்): முன்னால் 585, பின்னால் 355. 62 சதவீதம். நான் குத்துமதிப்பாகப் போட்ட எண் அப்படியே வந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

சன்ரூஃப்?

"இருக்கிறது அண்ணா. நீங்கள் வேண்டாம் என்று எழுதுவதற்கு முந்தின நாள்தான் பேசி முடித்தேன்."

சரி, அழாதே. கண்ணாடி, மோட்டார், தண்டவாளம், சட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தகடு வைத்து அடைத்துவிடு. 1.3 மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ போனால் ஈர்ப்பு மையம் ஒன்றரை செ.மீ.க்கு மேலேயே இறங்கும். என் கணக்கில் அது வீல்பேஸ் 9 செ.மீ. நீண்டதற்குச் சமம். சன்ரூஃப் இல்லாத வண்டி வாங்கியவனுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காது. கழற்றியதும் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தராசில் வைத்துச் சொல். என் பந்தயம் 20 கிலோ.

ஏப்ரல் 9

23 கிலோவாம். தோற்றேன்.